தஹ்ஷூரில் சரிவு மாறிய இடம்: ஸ்னெஃப்ருவின் மூன்று பிரமிடுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில், பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிறது தஹ்ஷூர். அங்கே 105 மீட்டர் உயரத்தில் ஒரு பிரமிடு நிற்கிறது. தரையிலிருந்து ஏறக்குறைய 54½ பாகைச் சரிவில் விறுவிறுவென்று ஏறுகிறது. 49 மீட்டர் உயரம் வந்ததும் நான்கு முகங்களும் ஒரே மட்டத்தில் மடங்கி, சுமார் 43 பாகைக்குத் தணிந்துவிடுகின்றன. அதனால்தான் அதற்கு வளைந்த பிரமிடு என்று பெயர்.

கட்டியவன் ஸ்னெஃப்ரு. எகிப்தின் நான்காம் வம்சத்தின் முதல் மன்னன், காலம் கி.மு. 2600 வாக்கு. கீசாவில் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தந்தை. மகனின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, தந்தையின் பெயர் தெரியாது. இத்தனைக்கும் கல்லின் கணக்கில் தந்தைதான் முந்துகிறான். மெய்தூமில் ஒன்று, தஹ்ஷூரில் இரண்டு என மூன்று பெரிய பிரமிடுகள் அவன் கணக்கில் சேரும். மூன்றையும் கூட்டினால் சுமார் 35 லட்சம் கனமீட்டர் கட்டுமானம். கூஃபுவின் பிரமிடு 26 லட்சம்.

ஒரே மன்னனுக்கு மூன்று எதற்கு, நடுவில் உள்ளது ஏன் பாதியில் மடங்கியது என்ற இரண்டும் ஒரே கேள்விதான். பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: மெய்தூம் பிரமிடு கட்டும்போதே இடிந்து விழுந்தது, அந்தப் பயத்தில் தஹ்ஷூரில் சரிவைக் குறைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. தஹ்ஷூரில் நடந்ததற்கான காரணம் தஹ்ஷூரிலேயே, அந்தப் பிரமிட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

ஜோசரிடமிருந்து வந்த முறை

முதல் இரண்டு வம்சங்களின் மன்னர்களும் பெருந்தலைகளும் மஸ்தபா என்ற தட்டையான கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பச்சைச் செங்கலால் கட்டிய நீள்சதுர மேடை, அடியில் தோண்டிய அறை, அவ்வளவுதான். மூன்றாம் வம்சத்தில் ஜோசர் மன்னன் சக்காராவில் இதையே கல்லில் கட்டத் தொடங்கினான். பொறுப்பில் இருந்தவர் இம்ஹோதெப். அவர் பெயர் ஜோசரின் சிலைப் பீடத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் அது சாதாரண மரியாதை இல்லை.

சக்காரா கட்டடம் ஒரே திட்டமாக வந்ததல்ல. சுமார் 63 மீட்டர் பக்கமுள்ள சதுர மஸ்தபாவாகத் தொடங்கியது. இரண்டு முறை அகலப்படுத்தினார்கள். பிறகு அதன்மேல் நான்கு படி எழுப்பினார்கள். அப்புறம் அதையும் பெரிதாக்கி ஆறு படி. கடைசியில் 121 மீட்டருக்கு 109 மீட்டர் அடித்தளத்தில், 60 மீட்டருக்குச் சற்று மேல் உயரத்தில் வந்து நின்றது. ழான்-ஃபிலிப் லோயே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த வளாகத்தைப் புரிந்துகொள்வதிலேயே செலவிட்டார்.

நம் ஆய்வுக்கு முக்கியம், அதைக் கட்டிய விதம். கல்லைக் கீழிருந்து மேலாகக் கிடைமட்டமாக அடுக்கவில்லை. நடுவில் ஒரு மையம். அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகச் சாய்ந்த சுவர்கள். ஒவ்வொரு சுவரும் உள்ளே இருக்கும் சுவரின்மேல் சாய்ந்து நிற்கும். அந்தச் சுவர்களின் கல் வரிசைகளும் உள்நோக்கிச் சரித்து வைக்கப்பட்டவை. வெளியே சரிந்து விழக்கூடாது என்பதுதான் நோக்கம். செங்கல் கட்டிப் பழகிய கைகள் கல்லுக்கு மாறும்போது தோன்றக்கூடிய நியாயமான யோசனை. ஜோசருக்கு அது வேலையும் செய்தது. கற்கள் சிறியவை, அடியில் பாறை, எல்லாவற்றுக்கும் மேலாக மன்னனின் கிரானைட் அறை சுமார் 28 மீட்டர் ஆழக் குழியின் அடியில், பாறைக்குள் இருந்தது. மேலே எவ்வளவு கனம் ஏறினாலும் அதைத் தாங்கியது பாறை.

ஜோசருக்குப் பின் வந்த செகெம்கெத், சாவியத் அல்-அர்யானின் அடுக்குப் பிரமிட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் காபா, இருவர் காலத்திலும் இதே முறைதான். இரண்டு கட்டடங்களுமே முடியவில்லை. எனவே ஸ்னெஃப்ரு அரியணை ஏறியபோது கையில் இருந்தது முழுதாக முடிந்த ஒரே ஒரு பெரிய முன்மாதிரி; அதுவும் படி வைத்தது.

மெய்தூம்: முதல் சுற்று

மெய்தூம் தஹ்ஷூருக்கும் தெற்கே சுமார் 45 கி.மீ. இதைத் தொடங்கியவன் ஸ்னெஃப்ருவுக்கு முந்தைய ஹூனி என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் ஹூனியின் பெயர் அங்கே எங்கும் கிடைக்கவில்லை. அந்த ஊரின் பழைய பெயரே ஸ்னெஃப்ருவின் பெயரைத் தாங்கியது. அவனுடைய வேலை என்றே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஏழு படிப் பிரமிடு. பிறகு அதை எட்டுப் படியாக உயர்த்தினார்கள். இரண்டுமே சாய்ந்த சுவர் முறை. ஒவ்வொரு படியின் வெளிமுகத்தையும் நைல் நதிக்கு அக்கரையில், துரா சுரங்கத்தில் வெட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லால் வழுவழுப்பாக முடித்தார்கள். அதாவது, இது இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் முடித்தார்கள். இந்த வழுவழுப்பு பின்னால் வினையாக வரும்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்தது. பார்வைக்கு அது தெரியாது. கல்லறை அறை பாறையின் ஆழத்திலிருந்து மேலேறி, தரைமட்டத்துக்கு, கட்டுமானத்தின் அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. வடக்கு முகத்தில் ஒரு வாசல், அங்கிருந்து கீழிறங்கும் நடை, முடிவில் சின்ன அறை. தலைக்கு மேல் இருக்கும் கனம் முழுவதையும் அறையின் கூரையே தாங்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி, சுவரின் ஒவ்வொரு கல் வரிசையையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டி, இரு பக்கமும் மேலே கூடுமாறு கொண்டுபோவது. மெய்தூமின் அறை அகலம் 2.6 மீட்டர் அளவுதான் என்பதால் அங்கே அது தாங்கிவிட்டது.

தஹ்ஷூர்: எங்கே பிசகியது

அடுத்து வேலை தஹ்ஷூருக்கு நகர்ந்தது. இம்முறை படி வேண்டாம், தொடக்கத்திலிருந்தே சமமுகமுள்ள உண்மையான பிரமிடு என்று முடிவெடுத்தார்கள். உலகில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பெரிய அளவில் கட்டியதில்லை. எவ்வளவு சரிவு தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

எகிப்தியர்கள் சரிவைப் பாகையில் அளக்கவில்லை. ஒரு முழம் மேலே போனால் எத்தனை உள்ளங்கை அகலம் உள்ளே போக வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கை. வளைந்த பிரமிட்டின் கீழ்ப்பகுதிச் சரிவு, முழத்துக்குச் சரியாக 5 உள்ளங்கைக்குப் பொருந்துகிறது. ஆனால் இந்த 5 கூட முதல் திட்டம் அல்ல. உள்ளே புதைந்திருக்கும் முதல் கட்டுமானம் இன்னும் செங்குத்தானது, 60 பாகைக்கு அருகில்; அடிப்பக்கம் சுமார் 157 மீட்டர்.

அது எழும்பிக்கொண்டிருக்கும்போதே சிக்கல் தொடங்கிவிட்டது. மெய்தூமின் அடியில் பாறை. தஹ்ஷூரில் இவர்கள் தேர்ந்த இடத்திலோ அடியில் சரளையும் களிமண்ணும். கனம் ஏற ஏற அஸ்திவாரம் இறங்கியது, அதுவும் ஒரே சீராக இறங்கவில்லை. உடனே நான்கு பக்கமும் ஒரு கச்சை கட்டுவதுபோல் புதிய கல்லை வைத்து, அடிப்பக்கத்தை 188 மீட்டருக்கு விரித்து, சரிவை 54½ பாகைக்குக் குறைத்தார்கள். இந்த ஒட்டு வேலையின் தடம் வடக்கு வாசலின் நடையில் இன்றும் தெரிகிறது. வாசலிலிருந்து சுமார் 12 மீட்டர் உள்ளே போனதும் தரையும் கூரையும் விட்டுப்போய், ஒரு பக்கம் இறங்கி நிற்கும். பழைய கட்டுமானமும் புதிய கச்சையும் வெவ்வேறு அளவில் அமுங்கியிருக்கின்றன.

ஆக, முதல் திருத்தம் பலிக்கவில்லை. சொல்லப்போனால் கூடுதல் கனத்தைத்தான் ஏற்றியது. அதோடு, ஜோசர் காலத்திலிருந்து வந்த பழக்கத்தை இவர்கள் இன்னும் விடவில்லை. கல் வரிசைகளை உள்நோக்கிச் சரித்தே வைத்தார்கள். சின்னக் கற்களும் பாறைக்குள் அறையும் இருந்தவரை அது பாதுகாப்பு. பெரிய கற்களை வைத்து, அறையையும் கட்டுமானத்துக்குள் கொண்டுவந்த பிறகு அதுவே வம்பு. கனம் நேராகக் கீழே இறங்காமல் நடுவை நோக்கி அழுத்தும். நடுவில் இருப்பது வெற்றிடமான அறை.

விளைவு, அறைகளில் விரிசல். விரிசல்களை ஜிப்சம் சாந்தால் பூசியிருக்கிறார்கள். பூசியது பின்னால் வந்தவர்கள் அல்ல, கட்டிய காலத்து ஆட்களே. மேல் அறையில் கேதுரு மர உத்தரங்களைச் சுவருக்குச் சுவர் குறுக்கே கொடுத்திருக்கிறார்கள். அந்த மரங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. எகிப்தில் பெரிய மரம் விளையாது. பலேர்மோ கல் என்று அழைக்கப்படும் பழைய ஆண்டுக்குறிப்பு, ஸ்னெஃப்ரு காலத்தில் 40 கப்பல் நிறையக் கேதுரு வகை மரம் வந்ததைப் பதிவு செய்கிறது. இந்த உத்தரங்கள் அந்தச் சரக்கிலிருந்தே வந்தவை என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெளிநாட்டு மரம் தாராளமாகக் கையில் இருந்தது என்பது மட்டும் உறுதி. உத்தரங்கள் வெறும் சாரக்கட்டின் மிச்சம் என்று சொல்வோரும் உண்டு. விரிசலும் சாந்தும் அதே கட்டடத்தில் இருக்கும்போது, நெருங்கிவரும் சுவர்களுக்குக் கொடுத்த முட்டு என்பதே எனக்கு நேரான விளக்கமாகப் படுகிறது.

இந்த நிலையில்தான் 49 மீட்டரில் சரிவை மாற்றினார்கள். முந்தைய சரிவிலேயே போயிருந்தால் உச்சி 130 மீட்டரைத் தாண்டியிருக்கும். 43 பாகைக்குத் தணித்ததால் மடிப்புக்கு மேலே ஏறவேண்டிய கல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மேற்பகுதியில் கற்களைக் கிடைமட்டமாக வைக்கவும் தொடங்கினார்கள். என் பார்வையில் இரண்டாவது மாற்றம்தான் பெரியது. சரிவைக் குறைத்தது அவசர வைத்தியம். வரிசையைக் கிடைமட்டமாக்கியது, நோய் எது என்று பிடிபட்டதன் அடையாளம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரத்தில் பாதியைக்கூட எட்டாவிட்டாலும், மடிப்பு வந்தபோது மொத்தக் கல்லில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு வைத்தாகிவிட்டது. பிரமிடு வடிவம் அப்படி; பெரும்பகுதி கீழேயே தீர்ந்துவிடும். இடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது யோசிக்கவே முடியாத செலவு. கைவிடவும் இல்லை. உச்சிவரை முடித்து, தெற்கே ஒரு துணைப் பிரமிடையும் கட்டினார்கள். பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கோயிலும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் எகிப்தியத் தொல்லியலாளர் அகமது ஃபக்ரி அதைத் தோண்டியெடுத்தபோது, மன்னனின் பண்ணைகளைப் பெண் உருவங்களாகச் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் கிடைத்தன.

மன்னன் இறந்துபோனதால் அவசரமாக முடித்த வேலை இது என்று ஒரு விளக்கம் சில நூல்களில் வருகிறது. அதே மன்னன் இதற்குப் பிறகு இதைவிடப் பெரிய பிரமிடு ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறான். ஆகவே அந்த விளக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

மெண்டல்ஸனின் வாதம்

குர்ட் மெண்டல்ஸன் ஆக்ஸ்போர்டில் தாழ்வெப்பநிலை ஆய்வில் பெயர் பெற்ற இயற்பியலாளர். மெய்தூம் இன்று இருக்கும் கோலம் அவரைக் கவர்ந்தது: ஒரு பெரிய இடிபாட்டு மேட்டின் நடுவிலிருந்து மூன்று படிக் கோபுரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மெய்தூமைச் சமமுகப் பிரமிடாக மாற்றும் வேலை நடக்கும்போதே வெளிப்பகுதி ஒரேயடியாகச் சரிந்தது, அப்போது தஹ்ஷூரில் வேலை பாதி உயரத்தில் இருந்தது, சேதி கேட்டதும் சரிவைக் குறைத்தார்கள் என்று 1970களில் அவர் வாதிட்டார்.

இயற்பியல் பக்கம் அவர் சொன்னதில் நிறைய சரி. மெய்தூமின் கடைசி உறை, அதாவது படிகளை மூடிச் சமமுகமாக்க வெளியே வைத்த கல், பாறையில் அல்ல, மணலில் உட்கார்ந்திருந்தது. படிகளின் வழுவழுப்பான முகத்தோடு அது பிணையவில்லை. சரிவதற்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது. அவர் வாதம் இடறுவது எப்போது என்ற கேள்வியில்தான்.

பிரமிட்டின் கிழக்கு அடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில் உண்டு. எழுத்தே இல்லாத இரண்டு கல்தூண்கள் அதற்குள் நிற்கின்றன. அதன் சுவர்களில் பதினெட்டாம் வம்ச காலத்து யாத்ரிகர்கள் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். ஸ்னெஃப்ருவின் அழகிய கோயிலைப் பார்க்க வந்ததாக மூன்றாம் துத்மோஸ் காலத்து எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் கோயில் திறந்திருந்தது, நடந்துபோய்ப் பார்க்க முடிந்தது. கட்டும்போதே பிரமிடு சரிந்திருந்தால் அந்தக் கோயில் குப்பைக்கடியில் அல்லவா போயிருக்கும்? 1980களில் இடிபாட்டு மேட்டின் ஒரு பகுதியைத் தோண்டியபோது, பிரமிடு கட்டிய காலத்துக் கயிறோ மரமோ கருவிகளோ நசுங்கிய தொழிலாளிகளின் எலும்போ கிடைக்கவில்லை. மெய்தூம் பிற்காலத்தில், கல் திருடர்கள் உறையை உரித்தெடுத்த பிறகு, மெல்ல மெல்லச் சிதைந்தது என்பதே பொருத்தம்.

இதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு, அதுதான் மெண்டல்ஸனின் கதையைத் தலைகீழாக்குகிறது. அதற்கு முன் சிவப்புப் பிரமிடு.

சிவப்புப் பிரமிடு

வளைந்த பிரமிட்டுக்கு வடக்கே சுமார் 2 கி.மீ. தூரத்தில் மூன்றாவது பிரமிடு. உட்புறக் கல்லின் செந்நிறத்தால் வந்த பெயர். வெளியே அன்று துரா வெள்ளைக் கல்தான் போர்த்தியிருந்தது. அடிப்பக்கம் 220 மீட்டர், உயரம் சுமார் 105. சரிவு அடி முதல் நுனி வரை 43 பாகைதான். வளைந்த பிரமிட்டின் மேற்பகுதியில் தாங்கும் என்று தெரிந்துகொண்ட அதே அளவு. அடியில் நல்ல சுண்ணாம்புக் கல் தளம் போட்டார்கள். எல்லா வரிசையும் கிடைமட்டம். உள்ளே மூன்று அறைகள். மூன்றாவதன் கூரை 15 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாகக் குறுகி மேலே போகிறது. 4,600 ஆண்டுகள் கழித்தும் திடமாக நிற்கிறது.

இங்கே அகழாய்வு செய்த ஜெர்மானியர் ரைனர் ஸ்டாடல்மான், உறைக் கற்களின் பின்புறத்தில் வேலைக்குழுக்கள் எழுதிய தேதிகளைக் கண்டார். அவற்றை வைத்து, முதல் 30 வரிசைகள் எழும்ப ஏறக்குறைய 4 ஆண்டுகள் பிடித்ததாகக் கணித்தார். அக்காலத்தில் ஆண்டுகளை மாட்டுக் கணக்கெடுப்பை வைத்தே எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடந்ததா, ஓராண்டு விட்டு ஓராண்டா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டைதான். ஸ்னெஃப்ரு 24 ஆண்டு ஆண்டானா, 48 ஆண்டா என்ற வேறுபாடே இதிலிருந்து வருவது.

தற்காப்பு மனநிலையில் கட்டிய பிரமிடு இது. பார்க்கக் கொஞ்சம் தட்டையாகவே இருக்கும். ஆனால் உலகில் முழுதாக முடிந்த முதல் பெரிய சமமுகப் பிரமிடு இதுதான்.

மறுபடியும் மெய்தூம்

மெய்தூமின் கடைசி உறையிலும் தேதிக் குறிப்புகள் கிடைத்தன. அவை ஸ்னெஃப்ருவின் ஆட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அந்த உறையின் கற்கள் கிடைமட்டமாக வைக்கப்பட்டவை. உள்ளே இருக்கும் படிகளின் கற்களோ சரித்து வைத்தவை. தஹ்ஷூரில் படித்த பாடத்தை எடுத்துக்கொண்டு, பழைய படிப் பிரமிடைச் சமமுகமாக்க அவர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். அப்படியானால் மெய்தூமின் உறை தஹ்ஷூர் மடிப்புக்குக் காரணமாக இருக்க முடியாது. அது அதற்குப் பின்னால் வந்தது.

இந்தச் சுற்றில் தேர்ந்த சரிவு 51 பாகை 50 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). எகிப்தியக் கணக்கில் முழத்துக்கு 5½ உள்ளங்கை. தோற்றுப்போன 5-க்கும், மிகவும் அஞ்சி வைத்த ஏறக்குறைய 7½-க்கும் நடுவே வரும் எண். அடிப்பக்கம் 144 மீட்டர், உயரம் 92. சரிவைத் தளத்தில் எப்படிக் குறித்தார்கள் என்பதற்கும் மெய்தூமிலேயே சான்று இருக்கிறது. அங்குள்ள 17-ஆம் எண் மஸ்தபாவின் மூலைகளில், முழத்துக்கு முழம் கோடு போட்டுச் சரிவு வரைந்த வழிகாட்டிச் சுவர்களை ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார்.

வளைந்த பிரமிட்டின் பழைய சரிப்பு முறையால் ஒரு நன்மையும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. உள்நோக்கிச் சரித்து வைத்த உறைக் கல்லைப் பிடுங்குவது கடினம். அதனாலேயே எகிப்தின் பெரிய பிரமிடுகளில் அதிக உறை மிஞ்சியிருப்பது அதில்தான். பிழை எங்கே நடந்தது என்று இன்று நம்மால் படிக்க முடிவதற்கு அந்தப் பிழையே காரணம்.

கூஃபுவுக்குப் போனது

அனுபவம் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. ஸ்னெஃப்ருவின் மகன் என்று கருதப்படும் நெஃபர்மாத், அரசின் தலைமை அமைச்சர்; மெய்தூமில் அடக்கமானவர். அவர் மகன் ஹெமியுனு, கூஃபுவின் பிரமிடு வேலைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. கீசாவில் எடுத்த முடிவுகளைப் பார்த்தால் பழைய ஒவ்வொரு அடியும் நினைவில் இருந்தது தெரிகிறது. களிமண் இல்லாத கெட்டியான பாறை மேடு. நடுவில் இருந்த இயற்கைப் பாறையையே கட்டுமானத்தின் பகுதியாக விட்டுவைத்தார்கள். கிடைமட்ட வரிசை. சரிவு, மெய்தூமின் கடைசி உறைக்கு வைத்த அதே 5½. உயரம் 146 மீட்டருக்கும் மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் துணிச்சல் காட்டினார்கள். மன்னனின் அறை தரையிலிருந்து 40 மீட்டருக்கு மேலே ஏறியது. குறுகிச் செல்லும் கூரைக்குப் பதிலாக ஒன்பது கிரானைட் உத்தரங்களைத் தட்டையாக வைத்து, அதற்கு மேலே ஐந்து வெற்றறைகளை விட்டார்கள். 1880களின் தொடக்கத்தில் பெட்ரி அங்கே அளவெடுத்தபோது, ஒன்பது உத்தரங்களும் தென்சுவர் ஓரமாக உடைந்திருப்பதைப் பதிவு செய்தார். கிழக்குக் கோடி உத்தரத்தின் விரிசலில் சாந்து பூசப்பட்டிருந்தது. அறை முடிவதற்கு முன்பே அது விரிந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.